கருப்பு, மாநிற முகத்தை அதோட நிறத்துலயே போட்டோ எடுக்கறது எப்படி

கேமராவுக்குள்ள வெளிச்சத்தை அளக்கற மீட்டருக்கு, முகத்தைக் கண்டுபிடிக்கற வசதி இல்லன்னா, முகம்னா என்னன்னே தெரியாது, எதைக் காட்டினாலும் நடுத்தர சாம்பல்னு நெனச்சுதான் எக்ஸ்போஷர் (படத்துக்கு எவ்வளவு வெளிச்சம்ங்கற அளவு) போடும். அதனால நல்ல கருப்பா இருக்கறவர் வெள்ளை வேட்டி சட்டைல முழுசா நின்னா மீட்டர் வெள்ளையப் பாத்து குறைச்சிடும், முகம் இருட்டாயிடும், அவரையே குளோசப் எடுத்தா ஏத்திவிட்டு தோலை வெளுக்க வச்சிடும்.

ஸ்பாட் மீட்டரிங் (ஒரு சின்ன இடத்தை மட்டும் அளக்கற முறை) போட்டு வெளிச்சம் விழுற கன்னத்துல அளங்க. கருப்பு தோலுக்கு காம்பன்சேஷன் (மீட்டர் சொல்றதுல நாம கூட்டிக் குறைக்கறது) மைனஸ் 1 கிட்ட, மாநிறத்துக்கு சைபர், வெளுத்த தோலுக்கு பிளஸ் 1, இங்கேர்ந்து ஆரம்பிச்சு நெத்தியும் மூக்கு நுனியும் விவரமே இல்லாம வெள்ளையா வெடிக்குதான்னு ஹைலைட் வார்னிங்ல (அப்படி வெளுத்த இடம் கேமரா திரைல மினுக்கிக் காட்டும்) பாத்து சரி பண்ணிக்கோங்க.

கருப்பு தோலோட அழகே அந்த மினுமினுப்புதான், அதுக்கு நேரா ஃபிளாஷ் அடிக்காதீங்க ப்ளீஸ். ஜன்னலுக்குப் பக்கவாட்டுல உக்கார வச்சு, எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை தெர்மாகோல் அட்டை பிடிச்சாலே போதும், கன்னத்துல வெளிச்சம் வழுக்கிட்டுப் போற மாதிரி விழும்.

டியூப்லைட்ட அணைச்சிடுங்க, ஜன்னல் வெளிச்சத்தோட கலந்தா பாதி முகம் ஒரு நிறம் பாதி இன்னொரு நிறம், அப்புறம் எந்த ஒயிட் பேலன்ஸும் (வெளிச்சத்தோட நிறத்தை சரிக்கட்டற செட்டிங்) காப்பாத்தாது. பச்சை பெயின்ட் சுவத்துக்கிட்டயும் நிக்க வைக்காதீங்க, தாடைல பச்சை ஏறும். ரா (RAW, கேமரா பதிஞ்சதை அப்படியே வச்சிருக்கற) ஃபைல்ல எடுங்க, அப்புறம் நிறத்தை சரி பண்ண கிரே கார்டு (சாம்பல் நிற அட்டை) வச்சு ஒரு ஷாட் எடுத்துக்கோங்க.

எடிட்டிங்ல ஆரஞ்சு லூமினன்ஸ (தோல் நிறத்தோட பிரகாசத்தை) ஏத்தி ஆளை "கலராக்குற" பழக்கம் வேண்டவே வேண்டாம், அவங்க நிறம் அவங்களோடது.