சின்னப் பிள்ளையை மலையாளப் பாட்டு வகுப்புக்குக் கூட்டிப் போவது எப்படி?

எங்கள் வீடு கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டத்தில். வீட்டில் பேசுவது தமிழ்தான். ஆனால் நாத்தனார் குடும்பம் கேரள எல்லைக்குள் இருக்கும் பாறசாலையில், அவர் பிள்ளைகள் பேசுவது மலையாளம். விசேஷத்துக்கு எல்லாரும் கூடும்போது என் மகள் மட்டும் ஓரமாக நின்றுவிடக் கூடாதே என்று நினைத்தேன். அதனால் அவளுக்கு ஒன்றே முக்கால் வயதானபோது, எல்லைக்கு அந்தப் பக்கம் ஓய்வுபெற்ற பாட்டு டீச்சர் ஒருவர் தன் வீட்டு முன்கட்டில் சனிக்கிழமைதோறும் நடத்தும் வகுப்பில் சேர்த்தேன். தாயும் பிள்ளையும் சேர்ந்து உட்கார்ந்து பாடி ஆடுகிற முக்கால் மணி நேரம். எனக்கு மலையாளம் கேட்டால் புரியும், பேச வராது. இந்த ஒரு வருடத்தில் கற்றுக்கொண்டதை, புதிதாகத் தொடங்குகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

1. பிள்ளையை விட்டுவிட்டு ஒருமுறை நீங்கள் மட்டும் போங்கள்

அங்கே பார்க்க வேண்டியது ஒன்றுதான்: பாட்டை யாராவது வாயால் பாடுகிறார்களா, ஸ்பீக்கரில் ஓடவிடுகிறார்களா? முதலில் நான் பார்த்த இடத்தில் சுவரில் பெரிய டிவி இருந்தது, பிள்ளைகள் அதைப் பார்த்துக்கொண்டு அசையாமல் இருந்தார்கள். நான் திரும்பி வந்துவிட்டேன்.

இதற்குக் காரணம் உண்டு. அமெரிக்காவில் பாட்ரிசியா கூல் என்பவரும் அவர் குழுவினரும் 2003-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆங்கிலம் பேசும் வீட்டில் வளரும் 9 மாதக் குழந்தைகளோடு சீன மொழிக்காரர்கள் நேரில் உட்கார்ந்து விளையாடினார்கள், புத்தகம் வாசித்துக் காட்டினார்கள். ஒவ்வொரு தடவையும் 25 நிமிடம், மொத்தம் 12 தடவை. அந்தக் குழந்தைகளுக்கு மாண்டரின் என்ற அந்தச் சீன மொழியின் ஒலிகளைப் பிரித்தறியும் திறன் வந்தது. அதையே டிவியில் பார்த்த குழந்தைகளுக்கு வரவில்லை. ஆள் எதிரே இருந்து முகம் பார்த்துப் பாட வேண்டும். யூடியூபில் மலையாளப் பாட்டு போட்டுவிட்டால் போதாதா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதிலும் இதுதான்.

2. இரண்டு பாட்டை முன்கூட்டியே வாங்கிக்கொள்ளுங்கள்

டீச்சரிடம் கேட்டு, அவர் பாடுவதையே போனில் பதிவு செய்யுங்கள். இது பிள்ளைக்கு அல்ல, நீங்கள் கேட்டுப் பழகுவதற்கு. வரிகளைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்ளலாம், ஆனால் மலையாளத்தில் நான்கு 'க' உண்டு, நான்கு 'ப' உண்டு. நம் எழுத்தில் எல்லாம் ஒன்றாகிவிடும். அழுத்தி ஒலிக்கிற எழுத்தின் கீழே நான் ஒரு கோடு போட்டுக்கொள்வேன். எழுதியதும் காதும் முரண்பட்டால் காதை நம்புங்கள்.

பாதி வார்த்தைகள் நமக்கே தெரிந்திருக்கும். கை, மூக்கு, வா, போ எல்லாம் அப்படியேதான். யானை 'ஆன' ஆகிறது. பூனை 'பூச்ச', நாய் 'பட்டி' என்று சிலவற்றைத்தான் புதிதாகப் பழக வேண்டும்.

3. சனிக்கிழமை காலை

தூக்கம் கலைந்த பிள்ளையைக் கூட்டிப் போகாதீர்கள். பஸ்ஸில் போனால் எல்லையில் இருக்கும் களியக்காவிளையில் இறங்கி மாறுவதற்கு நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பையில் மாற்றுத்துணி, தண்ணீர், இரண்டு மட்டிப்பழம். சின்னக் கைக்குள் அடங்கும் பழம், கையில் ஒழுகாது. கால் மணி நேரம் முன்னதாகப் போய்விட்டால் கூட்டம் சேரும் முன்பே பிள்ளை இடத்தைப் பார்த்துப் பழகிக்கொள்ளும்.

4. உள்ளே உட்கார்ந்த பிறகு

தயவுசெய்து மொழிபெயர்க்காதீர்கள். நான் முதல் இரண்டு வாரம் "பூச்சன்னா பூனை மக்கா" என்று காதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவள் பாட்டைக் கேட்பதா, என்னைக் கேட்பதா? டீச்சர் பூனை மாதிரி கையை வைத்து மீசை காட்டும்போதே அவளுக்குப் புரிந்துவிடும்.

உங்கள் வேலை பாடுவது. உச்சரிப்பு தப்பினாலும் வாய் திறந்து பாடுங்கள். அம்மா பாடாத இடத்தில் பிள்ளை பாடாது.

அப்புறம், காத்திருங்கள். என் மகள் நான்கு வாரம் வாயே திறக்கவில்லை. என் துப்பட்டா நுனியைப் பிடித்துக்கொண்டு மடியிலேயே இருந்தாள். மற்றப் பிள்ளைகள் சிரட்டையைத் தட்டித் தாளம் போட, இவள் கையில் கொடுத்த சிரட்டை கீழே கிடந்தது. ஐந்தாவது வாரம் குனிந்து பார்த்தேன்: சிவப்புத் தரையில் அவள் கால் பெருவிரல் மட்டும் சரியான தாளத்தில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. "விட்டேக்கு மோளே, அவள் கேள்க்குந்நுண்டு" என்றார் டீச்சர். கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாளாம்.

தயங்கும் பிள்ளைக்குக் கைதட்டும் பாட்டுதான் முதல் வாசல். அதில் வார்த்தையே வேண்டாம். நம் பிள்ளைத்தமிழில் கைகொட்டுவதற்கென்றே சப்பாணி என்று ஒரு பருவம் வைத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் முத்தம், வருகை, அம்புலி எல்லாம்.

5. வீட்டில்

தினமும் ஒரே வேளையில், ஒரே பாட்டு. எங்களுக்குக் குளிக்கும் நேரம். தமிழ்த் தாலாட்டை நிறுத்திவிடாதீர்கள், அது இரவுக்கு.

இரண்டு மொழியும் கலந்துவிடுமே என்று என் அம்மா பயந்தார். கலக்கத்தான் செய்யும். இரண்டு மொழி கேட்டு வளரும் பிள்ளைகள் வார்த்தைகளைக் கலந்து பேசுவது இயல்பு, அது குழப்பத்தின் அடையாளம் அல்ல. நம் மேற்குப் பக்கத்துப் பெரியவர்கள் தண்ணீரை 'வெள்ளம்' என்றுதானே சொல்கிறார்கள்? 1956 நவம்பர் 1 வரை நாம் மலையாளம் பேசுகிறவர்களோடு திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தவர்கள். 1813-இல் பிறந்த திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாளுக்காகக் கவிஞர் இரயிம்மன் தம்பி மலையாளத்தில் எழுதிய தாலாட்டை, மலையாளம் எழுதப் படிக்கத் தெரியாத என் பாட்டி முழுதாகப் பாடுவார்.

6. பிள்ளை ஒத்துக்கொள்ளவில்லை என்றால்

முதல் இரண்டு மூன்று வாரம் அழுவது சகஜம். ஆறாவது வாரமும் வாசலைக் கண்டதும் அழுதால் நிறுத்திவிடுங்கள். கட்டாயப்படுத்தினால் பாட்டு என்றாலே முகம் திருப்பும். இரண்டு மாதம் கழித்து மறுபடி கூட்டிப் போங்கள். எங்களோடு சேர்ந்த ஒரு பையன் சித்திரையில் நின்று ஆனியில் திரும்பி வந்தான். இப்போது செருப்பைக் கழற்றுவதற்குள் சிரட்டைக் கூடையைத் தேடி ஓடுகிறான்.