நீண்ட நாள் நின்ற விமானத்தைப் பறக்க விடும் முன் என்னென்ன சோதிக்க வேண்டும்?

கொரோனா பரவியதால் 2020 ஏப்ரல் வாக்கில் உலகத்தின் பயணிகள் விமானங்களில் பாதிக்கு மேல் தரையில் நின்றன. ஆஸ்திரேலியாவின் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ், ஸ்பெயினின் தெருவேல், கலிபோர்னியாவின் விக்டர்வில் போன்ற வறண்ட இடங்களில் பலவற்றை வரிசையாக நிறுத்தினார்கள். காற்றில் ஈரம் குறைவாக இருந்தால் துரு மெதுவாகத்தான் பிடிக்கும். அப்புறம் அவற்றை ஒவ்வொன்றாக வேலைக்குத் திருப்பியபோது என்ன பார்த்தார்கள், ஏன் பார்த்தார்கள் என்பதை இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

விமானப் பராமரிப்புப் படிப்பில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கான விளக்கம் இது. எந்த மாடலாக இருந்தாலும் தயாரிப்பாளரின் கையேடு சொல்வதே முடிவு. அதைப் படிக்கும்போது இரண்டு கேள்விகள் மனதில் இருக்கட்டும். நாம் மூடியதை, கழற்றியதை எல்லாம் பழையபடி வைத்துவிட்டோமா? நாம் பார்க்காதபோது உள்ளே என்ன வந்து சேர்ந்தது?

படி 1: பதிவேடு

ஸ்பேனரைத் தொடும் முன் காகிதம். நிறுத்தியபோது எந்தத் துளைக்கு மூடி போட்டார்கள், எந்த சர்க்யூட் பிரேக்கரை இழுத்து வைத்தார்கள், பேட்டரியைக் கழற்றினார்களா என்பதெல்லாம் அதில் இருக்கும். போட்ட மூடிகளின் எண்ணிக்கையும் எடுத்தவற்றின் எண்ணிக்கையும் ஒத்துப்போக வேண்டும்.

விமானம் நின்ற காலத்தில் வந்த பாதுகாப்பு உத்தரவுகளையும் தேடிப் பாருங்கள். 2020 ஜூலையில் அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம் பழைய தலைமுறை போயிங் 737களுக்கு ஓர் அவசர உத்தரவு போட்டது. இன்ஜினிலிருந்து காற்று எடுக்கும் பாதையில் உள்ள ஒருவழி வால்வு துருப்பிடித்துத் திறந்தபடியே சிக்கிக்கொண்டதால், நான்கு விமானங்களில் தலா ஓர் இன்ஜின் நின்றுபோயிருந்தது. இரண்டு இன்ஜினும் சேர்ந்து நின்றால் என்ன ஆகும் என்பதுதான் கவலை. தொடர்ந்து 7 நாள் நின்ற விமானமே அந்த உத்தரவுக்குள் வந்துவிடும். மாதக்கணக்கில் நின்றால்தான் கெடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

படி 2: பிட்டோ குழாயும் ஸ்டாட்டிக் துளையும்

இந்தப் படியில் நேரம் எவ்வளவு போனாலும் பரவாயில்லை. மூக்குப் பக்கம் முன்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் சிறு குழாய் பிட்டோ. எதிர்க்காற்றின் அழுத்தத்தை அது வாங்கும். உடலின் பக்கவாட்டில் உள்ள ஸ்டாட்டிக் துளை வெளிக்காற்றின் சாதாரண அழுத்தத்தை வாங்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்திலிருந்துதான் வேகம் தெரிகிறது. ஸ்டாட்டிக் அழுத்தத்திலிருந்து உயரம் தெரிகிறது.

பிட்டோவின் வாய் மண்குளவிக்குக் கூடு கட்டப் பொருத்தமான அளவு. 1996 பிப்ரவரி 6 அன்று டொமினிக்கன் குடியரசின் புவேர்ட்டோ பிளாட்டாவிலிருந்து கிளம்பிய பிர்கென்ஏர் நிறுவனத்தின் போயிங் 757 கடலில் விழுந்து 189 பேரும் இறந்தார்கள். சில வாரங்கள் தரையில் நின்ற விமானம் அது. பிட்டோவுக்கு மூடி போடாததால் பூச்சி உள்ளே கூடு கட்டி அடைத்திருக்கலாம் என்பது விசாரணையின் கருத்து. அதே வருடம் அக்டோபர் 2 அன்று லிமாவிலிருந்து கிளம்பிய ஏரோபெரு 757இல் 70 பேர் இறந்தார்கள். கழுவும்போது ஸ்டாட்டிக் துளைகள் மேல் ஒட்டிய டேப்பை யாரும் எடுக்கவில்லை.

மூடி போட்டாலும் எடுக்க மறக்கலாம். 2018 ஜூலையில் பிரிஸ்பேனில் மலேசியா ஏர்லைன்ஸின் ஏ330 ஒன்று, குளவிக்காகப் போட்ட மூடிகளோடே மேலே கிளம்பிவிட்டது. நல்லவேளை, பத்திரமாகத் தரையிறக்கினார்கள்.

சரி, செய்வது எப்படி? மூடியை எடுத்ததும் டார்ச் அடித்து வாயைப் பாருங்கள். வெளியே சுத்தமாகத் தெரிவதை வைத்து முடிவு செய்யாதீர்கள். அடைப்பு உள்ளே ஆழத்தில் இருக்கலாம். கையேடு சொல்கிறபடி குழாயைக் கருவிகளிலிருந்து பிரித்து, உள்ளிருந்து வெளிப்பக்கமாகக் காற்றைச் செலுத்த வேண்டும். பிரிக்காமல் ஊதினால் கருவி கெட்டுவிடும். மறுபடி இணைத்ததும் கசிவுச் சோதனை கட்டாயம். அப்புறம் பிட்டோவின் சூடேற்றி (ஹீட்டர்) வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். வெறும் கையால் தொட்டுப் பார்க்காதீர்கள், பொசுக்கிவிடும்.

படி 3: சக்கரமும் சக்கர அறையும்

ஒரே இடத்தில் நின்ற டயரில் அடிப்பக்கம் தட்டையாகும். அதனால்தான் நிறுத்தி வைத்திருக்கும்போதே அவ்வப்போது சக்கரத்தைச் சுழற்றி வைக்கிறார்கள். காற்றழுத்தம், பிரேக், ஹைட்ராலிக் கசிவு எல்லாவற்றையும் பாருங்கள். விக்டர்வில்லில் குவாண்டாஸின் ஏ380களைப் பராமரித்தவர்கள் விமானத்துக்கு ஒன்றாகத் துடைப்பக் கம்பு வைத்திருந்தார்கள். காலைத் தரையில் தட்டி, கம்பால் சக்கரத்தை அடித்துச் சத்தம் எழுப்பிய பிறகே கிட்டே போவார்கள். வெயில் பட்ட டயருக்குப் பக்கத்தில் விரியன் இனத்தைச் சேர்ந்த கிலுகிலுப்பைப் பாம்புகள் சுருண்டு கிடக்கும்.

படி 4: எரிபொருள்

தண்ணீர் எரிபொருளைவிடக் கனம் என்பதால் தொட்டியின் அடியில் தங்கும். அடிவால்வைத் திறந்து கண்ணாடி ஜாடியில் பிடித்தால் இரண்டும் தனித்தனி அடுக்காகத் தெரியும். அந்த எல்லையில்தான் பூஞ்சை வளரும்; வடிகட்டியை அடைப்பது அதுதான். பூஞ்சைக்கு மருந்து உண்டு, ஆனால் அளவு பிசகக் கூடாது. 2020 பிப்ரவரியில் லண்டன் கேட்விக்கிலிருந்து கிளம்பிய ஏ321 ஒன்றின் இரண்டு இன்ஜின்களும் தடுமாறின. பராமரிப்பின்போது பரிந்துரைத்ததைப் போல 38 மடங்கு மருந்து சேர்த்திருந்தார்கள்.

படி 5: மற்றவை

இன்ஜினுக்குள் வைத்த ஈரம் உறிஞ்சும் பைகளை எடுத்துவிட்டு, தரையிலேயே இன்ஜினை ஓட்டிப் பார்க்க வேண்டும். கேபினில் ஆக்ஸிஜன், தீயணைப்பான், அவசர வழுக்குப்பாதை ஆகியவற்றின் காலாவதித் தேதி. குடிநீர்த் தொட்டிக்குக் கிருமிநீக்கம். விமானிகளும் நீண்ட நாள் ஓட்டாமல் இருந்தால் முதலில் சிமுலேட்டருக்குப் போக வேண்டும்.

படி 6: ஓடுபாதை

கடைசிச் சோதனை விமானிகள் கையில். ஏர்பஸ்ஸில் 100 நாட், போயிங்கில் 80 நாட் வேகத்தில் ஒருவர் குரல் கொடுப்பார். மற்றவர் தன் வேகமானியும் அதையே காட்டுகிறதா என்று சரிபார்ப்பார். காட்டாவிட்டால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். பிர்கென்ஏர் கேப்டனின் வேகமானி வேலை செய்யவில்லை என்பது தரையில் ஓடும்போதே தெரிந்துவிட்டது. ஆனாலும் அவர்கள் நிறுத்தவில்லை.