சூப்பர் ஹீரோ டிரெய்லரை ஃபிரேம் ஃபிரேமாகப் படிப்பது எப்படி?

சூப்பர் ஹீரோ படத்தின் டிரெய்லர் வந்த சில நிமிடங்களிலேயே "இவர் சாகப்போகிறார்", "அவர் திரும்பி வருகிறார்" என்று கணிப்புகள் கிளம்பிவிடும். படம் வெளியானதும் அவற்றில் பல பொய்த்துப்போகும். ரசிகர்களுக்கு விவரம் போதாது என்பதல்ல காரணம். கண்ணால் கண்டது எது, ஆசையால் நிரப்பிக்கொண்டது எது என்று பிரித்து எழுதுவதில்லை, அதுதான் காரணம். அந்தப் பிரிப்பைச் செய்யும் வழியைத்தான் இங்கே சொல்கிறோம். லேப்டாப், ஹெட்போன், ஒரு நோட்டு போதும். ஒரு டிரெய்லருக்கு ஒன்றரை மணி நேரமாவது ஒதுக்குங்கள். போனில் இந்த வேலை பெரும்பாடு.

டிரெய்லர் ஏன் பொய் சொல்கிறது

ஹாலிவுட்டில் டிரெய்லரை வெட்டுபவர் பெரும்பாலும் படத்தின் எடிட்டர் அல்ல. இதற்கென்றே தனி நிறுவனங்கள் இருக்கின்றன. படம் முடிவதற்குப் பல மாதங்கள் முன்பே, அரைகுறை கிராபிக்ஸோடு கைக்கு வரும் காட்சிகளிலிருந்து அவர்கள் இரண்டரை நிமிடத்தை உருவாக்குகிறார்கள். ஆகவே படம் பிற்பாடு மாறினால் டிரெய்லர் தனியாக நிற்கும். 'தோர்: ரக்னராக்' படத்துக்கு 2017 ஏப்ரலில் வந்த முதல் டிரெய்லரில் வில்லி ஹெலா தோரின் சுத்தியலை நொறுக்குவது ஒரு நகரத்துச் சந்தில். படத்தில் அதே சம்பவம் நார்வேயின் புல்வெளிக் குன்றில் நடக்கிறது. இடையில் காட்சியையே மாற்றிவிட்டார்கள்.

வேண்டுமென்றே மறைப்பதும் உண்டு. 'அவெஞ்சர்ஸ்: இன்ஃபினிட்டி வார்' டிரெய்லர் 2017 நவம்பர் 29 அன்று வந்தது. அதன் கடைசியில் வகாண்டா என்ற கற்பனை நாட்டுக் காட்டில் மற்றவர்களோடு ஹல்க் ஓடிவருவான். படத்தில் வகாண்டா போரில் ஹல்க் கிடையாது. ஹல்க்காக மாறும் மனிதரான புரூஸ் பேனர் ஹல்க்பஸ்டர் கவசத்துக்குள் இருந்துதான் சண்டை போடுகிறார். அந்த ஷாட்டை நம்பி அன்று எழுதப்பட்ட கணிப்புகள் எல்லாமே வீண்.

இன்னொரு வகை, டிரெய்லருக்கென்றே செய்வது. 'ஸ்பைடர்மேன்: ஹோம்கமிங்' டிரெய்லரில் அயர்ன்மேனும் ஸ்பைடர்மேனும் பக்கத்தில் பக்கத்தில் பறந்து வரும் ஷாட் விளம்பரத்துக்காகவே உருவாக்கப்பட்டது. படத்தில் அதைத் தேடிப் பயனில்லை.

இதில் சட்டமும் நம் பக்கம் இல்லை. டிரெய்லரில் காட்டியது படத்தில் இல்லையென்றால் அது வாக்கு மீறியது ஆகாது, டிரெய்லர் ஒப்பந்தமே அல்ல என்று 2024 ஏப்ரலில் நம் உச்ச நீதிமன்றம் ஓர் இந்திப் பட வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது.

முதல் தடவை: நிறுத்தாமல்

முழுத்திரையில், ஹெட்போனோடு, ஒருமுறை நிறுத்தாமல் பாருங்கள். முடிந்ததும் கமென்ட் எதையும் படிக்காமல் ஐந்து வரி எழுதிவிடுங்கள்: எங்கே சிலிர்த்தது, எங்கே சலித்தது, எந்த முகம் மனதில் நின்றது. மற்றவர் கருத்தை ஒருமுறை படித்துவிட்டால் உங்கள் முதல் உணர்வு திரும்பக் கிடைக்காது. ரியாக்ஷன் வீடியோ எடுப்பவர்கள் பதிவு செய்ய வேண்டியதும் இந்தத் தடவையைத்தான். முன்பே பார்த்துவிட்டுப் புதிதாகப் பார்ப்பதுபோல் நடித்தால் முகம் காட்டிக்கொடுத்துவிடும். கட் (ஒரு ஷாட் முடிந்து அடுத்தது தொடங்கும் இடம்) விழுவதற்கு முன்னாலேயே புருவம் உயர்ந்துவிடும்.

யூடியூபில் கியர் படத்தை அழுத்தி 1080 அல்லது அதற்கு மேலான தரத்தை நீங்களே தேர்ந்தெடுங்கள். 'ஆட்டோ'வில் விட்டால் இருட்டுக் காட்சிகள் கட்டம் கட்டமாகச் சிதைந்து தெரியும். அந்தக் கட்டங்களைப் பார்த்து "பின்னால் ஒரு முகமூடி தெரிகிறது" என்று எழுதியவர்கள் ஏராளம்.

இரண்டாவது தடவை: காது மட்டும்

படத்தைப் பார்க்காமல் ஒலியை மட்டும் கேட்டு, வசனங்களை வரிசையாக எழுதுங்கள். பிறகு படத்தோடு ஓட்டி, ஒவ்வொரு வரிக்கும் எதிரே 'உதடு தெரிகிறது' அல்லது 'தெரியவில்லை' என்று குறியுங்கள். இந்தக் குறிப்பு இல்லாமல் எழுதும் அலசலை நம்பாதீர்கள். உதடு தெரியாத வசனம் அந்த ஷாட்டுக்குச் சொந்தமானது என்று எடுத்துக்கொள்ளவே கூடாது. வேறு காட்சியில், வேறு ஆளிடம் பேசியதை வெட்டி ஒட்டியிருப்பார்கள். சில சமயம் இரண்டு வாக்கியங்களின் துண்டுகளைச் சேர்த்து மூன்றாவது வாக்கியம் செய்வதும் நடக்கும். அப்படி ஒட்டிய இடத்தில் மூச்சு வாங்கும் ஒலி இருக்காது, குரலின் ஏற்ற இறக்கம் திடீரென்று மாறும். ஹெட்போனில் கேட்டால் பிடித்துவிடலாம். இன்ஃபினிட்டி வார் டிரெய்லரின் தொடக்கத்தில் அவெஞ்சர்ஸ் உருவான கதையை ஆளுக்கொரு வரியாகச் சொல்வார்களே, அந்தப் பேச்சு படத்திலேயே இல்லை.

இசையை வைத்து எதையும் கணிக்காதீர்கள். படத்தின் பின்னணி இசை கடைசிக் கட்டத்தில்தான் தயாராகும். டிரெய்லரில் ஒலிப்பது பெரும்பாலும் வெளியிலிருந்து வாங்கியதோ, அதற்காகவே செய்ததோதான்.

தமிழ் டிரெய்லரை ரசிப்பது வேறு, அலசுவது வேறு. 2019இல் 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' தமிழில் வந்தபோது ஏ.ஆர். முருகதாஸ் வசனம் எழுத, அயர்ன்மேனுக்கு விஜய் சேதுபதியும் பிளாக் விடோவுக்கு ஆண்ட்ரியாவும் குரல் கொடுத்தார்கள். டப்பிங்கில் உதட்டசைவுக்குப் பொருந்த வேண்டும், நம் ஊர்ப் பேச்சாகவும் இருக்க வேண்டும் என்பதால் சொற்கள் மாறியே தீரும். ஒரு சொல்லை வைத்து முடிவுக்கு வருவதானால் ஆங்கில மூலத்தைக் கேட்டுச் சரிபாருங்கள். ஆனால் தமிழ், இந்தி, மற்ற நாட்டுப் பதிப்புகளை ஒலியில்லாமல் ஒருமுறை ஓட்டுங்கள். ஏன் என்பதைக் கீழே சொல்கிறோம்.

மூன்றாவது தடவை: ஷாட் பட்டியல்

உழைப்பு அதிகம் கேட்பதும் பலன் அதிகம் தருவதும் இதுதான். ஒலியை அணைத்துவிட்டு கட் விழும் ஒவ்வோர் இடத்திலும் நிறுத்தி, ஒரு ஷாட்டுக்கு ஒரு வரி எழுதுங்கள். ஆறு கட்டங்கள் வேண்டும்: நேரம், இடம், யார் யார், உடை, வெளிச்சம், உடம்பில் காயமோ அழுக்கோ. ஆக்‌ஷன் டிரெய்லரில் ஷாட் எண்ணிக்கை நூறைத் தாண்டுவது சாதாரணம். சலிப்பு வரும், விடாதீர்கள்.

பிறகு டிரெய்லரின் வரிசையை மறந்துவிட்டு, ஒரே இடம், ஒரே உடை, ஒரே வெளிச்சம் உள்ள வரிகளை ஒன்றாகச் சேருங்கள். நூறு ஷாட்டுகள் சுருங்கிச் சில காட்சிகளாகிவிடும். எந்தச் சண்டையிலிருந்து எத்தனை துண்டு எடுத்து எங்கெங்கே தூவியிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் தெரியும். "படம் முழுவதையும் காட்டிவிட்டார்கள்" என்ற புலம்பல் சரியா என்பதற்கும் இங்கேயே பதில் கிடைக்கும். எல்லாத் துண்டுகளும் மூன்று நான்கு காட்சிகளுக்குள் அடங்கினால் இன்னும் நிறைய மறைத்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

காட்சிகளை முன்பின்னாக அடுக்க உடையும் காயமும்தான் துணை. நெற்றியில் வெட்டு இல்லாத முகம் முன்னே, வெட்டு உள்ள முகம் பின்னே. எண்ட்கேமின் முதல் டிரெய்லர் அயர்ன்மேனான டோனி ஸ்டார்க்கை விண்வெளியில் தனியே தவிக்கவிட்டது. 2019 மார்ச் 14 அன்று வந்த அடுத்த டிரெய்லரில் அவர் மற்றவர்களோடு அதே வெள்ளைச் சிவப்பு உடையில் நடந்து வந்தார். ஒற்றை உடையிலிருந்தே அவர் பூமிக்குத் திரும்பிவிட்டார் என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது, படமும் அதையே காட்டியது. கண்டதை மட்டும் வைத்துச் செய்த கணிப்பு இப்படித்தான் நிற்கும்.

நிறத்தை மட்டும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். டிரெய்லருக்குத் தனியாகக் கலர் செய்வார்கள்.

ஃபிரேம் ஃபிரேமாக

இரண்டரை நிமிடம், வினாடிக்கு 24 ஃபிரேம் என்றால் 3,600 ஃபிரேம். அத்தனையையும் பார்க்கத் தேவையில்லை. ஒரு வினாடிக்கும் குறைவாக ஓடும் ஷாட்டுகள், வெள்ளை மின்னலோடு வெட்டும் இடங்கள், கண்ணாடி, நீர், முகமூடியின் பளபளப்பு ஆகியவற்றில் தெரியும் பிம்பங்கள், டிவி திரையிலும் செய்தித்தாளிலும் உள்ள எழுத்துகள், இவை போதும். யூடியூபில் வீடியோவை நிறுத்திவிட்டு முற்றுப்புள்ளி பொத்தானை அழுத்தினால் ஒரு ஃபிரேம் முன்னே போகும், கமாவை அழுத்தினால் ஒரு ஃபிரேம் பின்னே வரும். வேகத்தை 0.25க்குக் குறைத்தும் ஓட்டலாம்.

இன்னொன்றையும் தேடுங்கள்: ஆள் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும் வெற்றிடம். 'ஸ்பைடர்மேன்: நோ வே ஹோம்' படத்தின் இரண்டாவது டிரெய்லர் 2021 நவம்பரில் வந்தது. அதில் மூன்று வில்லன்கள் பாய்ந்து வர, எதிரே ஒரே ஒரு ஸ்பைடர்மேன். ஒருவனை நோக்கிப் பாய்பவர்கள் ஒருவனைத்தானே பார்க்க வேண்டும்? இவர்களோ வெவ்வேறு திசையில் பார்க்கிறார்கள், ஃபிரேமின் இரு பக்கமும் காலியாகக் கிடக்கிறது. பிரேசில் பதிப்பில் அந்த ஷாட் சில ஃபிரேம்கள் கூடுதலாக ஓடியது. யாருமே அடிக்காமல் வில்லன்களில் ஒருவனான லிசர்டின் தலை சடாரென்று திரும்பியது. அழித்துவிட்ட ஸ்பைடர்மேனின் அடி அது என்று ரசிகர்கள் கண்டுபிடித்தார்கள், டிசம்பரில் படம் அதை உறுதி செய்தது. வேற்று நாட்டுப் பதிப்புகளை ஓட்டச் சொன்னது இதற்காகத்தான். கட் இரண்டு மூன்று ஃபிரேம் முன்பின்னாக விழுந்திருக்கும். ஐமேக்ஸ் பதிப்பு கிடைத்தால் அதையும் பாருங்கள், சில ஷாட்டுகளில் மேலும் கீழும் கூடுதல் படம் தெரியும்.

இருட்டு ஃபிரேமைப் பிரகாசமாக்கிப் பார்ப்பதில் தவறில்லை. ஏஐ கொண்டு தெளிவாக்குவதில் இருக்கிறது. இல்லாத விவரத்தை அது தானே வரைந்துவிடும், மங்கலான தலை ஒரு முழு முகமாகிவிடும். அப்படிச் செய்த படத்தை ஆதாரமாகக் காட்டவே காட்டாதீர்கள்.

கடைசியில் வரும் பெயர்ப் பலகையைத் தவறவிட வேண்டாம். எழுத்தாளர்கள் பெயருக்கிடையே '&' குறி இருந்தால் அவர்கள் ஒரே குழுவாக உட்கார்ந்து எழுதியவர்கள். 'ஆண்ட்' என்று எழுத்தில் இருந்தால் தனித்தனியாக எழுதியவர்கள். அமெரிக்க எழுத்தாளர் சங்கத்தின் விதி இது. தனித்தனிப் பெயர்கள் நீண்டுகொண்டே போனால் திரைக்கதை பல கை மாறியிருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம்.

எழுதும்போது

மூன்று பத்தியாக எழுதுங்கள்: திரையில் கண்டது, காமிக்ஸ் அறிவால் ஊகிப்பது, நடக்க வேண்டும் என்று விரும்புவது. நடுப்பத்திதான் அதிகம் ஏமாற்றும். 1991 காமிக்ஸில் வில்லன் தானோஸ் பாதி உயிர்களை அழிப்பது மரண தேவதையின் காதலைப் பெறுவதற்காக. படத்தில் மக்கள் பெருக்கமும் வளப் பற்றாக்குறையும் காரணமாகிவிட்டன. 'சிவில் வார்' காமிக்ஸ் முடிந்த கையோடு கேப்டன் அமெரிக்கா சுடப்பட்டார், 2016 படத்தில் அப்படி நடக்கவில்லை. காமிக்ஸிலிருந்து பெயரையும் தோற்றத்தையும் எடுத்துக்கொள்வார்கள், முடிவை எடுத்துக்கொள்வது அபூர்வம். "கசிந்த தகவல்" என்று வருவதை மூன்று பத்தியிலும் சேர்க்காதீர்கள்.

24 மணி நேரப் பார்வைக் கணக்கும் அலசலுக்கு உதவாது. 'டெட்பூல் & வுல்வரின்' டிரெய்லர் 2024 பிப்ரவரியில் ஒரே நாளில் 36.5 கோடி பார்வை பெற்றதாக அறிவிக்கப்பட்டது. எத்தனை தளங்களில் எப்படியெல்லாம் கூட்டினார்கள் என்பதைப் பொறுத்த எண் அது, படத்தின் தரத்தைப் பற்றி எதுவும் சொல்லாது.

ரியாக்ஷனைப் பதிவு செய்பவர்களுக்கு

திரையையும் கேமராவையும் பதிவு செய்யும் ஓ.பி.எஸ். ஸ்டுடியோ மென்பொருள் இலவசம், அதுவே போதும். மைக் ஒலியையும் டிரெய்லர் ஒலியையும் தனித்தனி டிராக்கில் பதிவு செய்யுங்கள். பிறகு டிரெய்லர் ஒலியை மட்டும் குறைக்க வேறு வழி கிடையாது. ஸ்பீக்கரில் ஓட்டினால் மைக் அதையும் சேர்த்துப் பிடித்து எதிரொலிக்கும், ஆகவே ஹெட்போன் கட்டாயம். திரை கறுப்பாகப் பதிவானால் பிரவுசர் அமைப்பில் ஹார்டுவேர் ஆக்சிலரேஷனை அணைத்துப் பாருங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும். கைதட்டல் ஒன்றை முதலில் பதிவு செய்துகொண்டால் கேமராவையும் ஒலியையும் ஒன்றுசேர்ப்பது எளிது.

1957ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவு விமர்சனத்துக்காக நியாயமான அளவில் பயன்படுத்த அனுமதிக்கிறது. டிரெய்லர் முழுவதையும் முழுத்திரையில் ஓட்டிவிட்டு மூலையில் முகத்தை வைத்தால் அதை விமர்சனம் என்று வாதிடுவது கடினம். சின்ன சதுரத்தில் ஓட்டுங்கள், அடிக்கடி நிறுத்திப் பேசுங்கள், அலசல் பகுதிக்கு நிலைப்படங்களே போதும். யூடியூபின் தானியங்கிச் சோதனையான கன்டென்ட் ஐடி வழியாக உரிமைக்கோரல் வந்தால் பெரும்பாலும் வருமானம்தான் உரிமையாளருக்குப் போகும், சானலுக்கு ஆபத்தில்லை. உரிமையாளர் புகாரால் சானலுக்கு விழும் எச்சரிக்கையான காப்புரிமை ஸ்டிரைக் வேறு. 90 நாளுக்குள் மூன்று வந்தால் சானலையே மூடிவிடுவார்கள்.

தலைப்பிலும் தம்ப்நெயிலிலும் ரகசியத்தை உடைக்காதீர்கள். டிரெய்லர் பார்க்காமலேயே தியேட்டருக்குப் போக விரும்பும் ரசிகர்கள் நிறைய இருக்கிறார்கள், அவர்கள் உங்கள் வீடியோவை அழுத்தாவிட்டாலும் படம் கண்ணில் பட்டுவிடும்.

படம் பார்த்துவிட்டு வந்ததும் ஷாட் பட்டியலை எடுத்து, படத்தில் வந்தவற்றுக்கு டிக் போடுங்கள். வராதவற்றுக்கு எதிரே நட்சத்திரம் போட்டுப் பத்திரப்படுத்துங்கள். சில மாதங்களில் ப்ளூ-ரேயிலோ ஸ்ட்ரீமிங்கிலோ நீக்கப்பட்ட காட்சிகள் வரும்போது, எது வெட்டப்பட்டது, எது டிரெய்லருக்கென்றே செய்யப்பட்டது என்று அந்த நட்சத்திரங்களை வைத்துப் பிரித்துவிடலாம்.