ஜெர்பிலுக்கு வீட்டிலேயே தீவனம் கலக்கலாம், நம்ம காட்டுத் தானியங்களை வைத்தே

ஜெர்பில் என்கிற சின்ன எலி வகைப் பிராணிக்குத் தீவனம் கலப்பதில் கஷ்டம் ஒன்றே ஒன்றுதான். அதற்குப் பிடித்தது வேறு, அதன் உடம்புக்கு ஆவது வேறு. கிண்ணத்தில் பத்து வகை விதை போட்டுப் பாருங்கள், முதலில் சூரியகாந்தி விதையைத் தேடிப் பிடித்து உடைத்துத் தின்னும், அப்புறம் கடலைக்காய், அப்புறம் பூசணி விதை, மிச்சத்தையெல்லாம் காலால் தள்ளிவிட்டு எழுந்து நின்று நம் முகத்தைப் பார்க்கும். நாமும் பாவம், பசிக்குதாட்ட இருக்குது என்று மறுபடி கிண்ணத்தை நிரப்பிவிடுவோம். எங்கள் வீட்டில் முதல் நாலு மாசம் இப்படித்தான் போயிற்று. கடையில் வாங்கிய பாக்கெட்டில் பாதிக்கு மேல் சூரியகாந்தி விதை, 78 கிராம் இருந்த பெண் ஜெர்பில் 112 கிராமுக்குப் போய் சக்கரத்தில் ஏறுவதையே விட்டுவிட்டது. வளர்ந்த ஜெர்பில் 60லிருந்து 100 கிராமுக்குள் இருப்பதுதான் வழக்கம். அதற்குப் பிறகுதான் நானே கலக்க ஆரம்பித்தேன். இப்போது இரண்டு வருசம் ஆகிறது.

நாம் வீட்டில் வளர்ப்பது மங்கோலிய ஜெர்பில். மங்கோலியாவிலும் வட சீனாவிலும் மழை குறைந்த புல்வெளிகளில் வளை தோண்டி வாழ்கிற பிராணி. 1935ல் அமூர் ஆற்றுப் படுகையில் சில சோடிகளைப் பிடித்து ஜப்பானுக்குக் கொண்டுபோனார்கள், இன்று வீடுகளில் இருப்பவை பெரும்பாலும் அந்தச் சில சோடிகளின் வாரிசுகள்தான். காட்டில் அது தின்றது புல் விதை, காய்ந்த இலை, தண்டு, கிடைத்தபோது பூச்சி. எண்ணெய் விதை அங்கே அள்ளிக் கொட்டிக் கிடக்காது. தாராபுரம், காங்கேயம் பக்கத்து மானாவாரிக் காட்டையும், மேய்ச்சலுக்கு விட்ட கொறங்காட்டையும் நினைத்துக்கொள்ளுங்கள், தினை, சாமை, கம்பு, சோளம், கொழுக்கட்டைப் புல். ஜெர்பிலுக்கு வேண்டியதில் முக்கால்வாசி நம் மண்ணிலேயே விளைகிறது. (நம் காடுகளில் வளை தோண்டும் வெள்ளெலிகூட ஜெர்பில் வகைதான், ஆனால் அதைப் பிடித்து வளர்க்கலாம் என்று சொல்ல வரவில்லை.)

சரி, அளவுக்கு வருவோம். நான் ஒரு தடவைக்கு 1 கிலோ கலக்கிறேன். ஒரு ஜெர்பில் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 8 கிராம் தின்னும், அதனால் ஒரு சோடிக்கு இது இரண்டு மாசம் வரும். இதற்கு மேல் கலந்து வைக்காதீர்கள், எண்ணெய் விதை பழசானால் காறல் அடித்துவிடும்.

பாதி, அதாவது 500 கிராம், சிறுதானியம். தினை 150, கம்பு 100, சாமை 100, வெள்ளைச் சோளம் 75, ராகி 75. இதைக் கூடுமானவரை உமியோடு வாங்குங்கள். மளிகைக் கடையில் கிடைக்கிற தினை அரிசியும் சாமை அரிசியும் உமி நீக்கித் தீட்டியவை, நம் வாய்க்கு அது சரி, ஆனால் ஜெர்பிலுக்கு உமியை உரிப்பதே பாதி வேலை, பாதி சந்தோசம். உமியோடு இருந்தால் தானியமும் சீக்கிரம் கெடாது. குருவித் தீவனம் விற்கும் கடைகளில் உமித் தினை கிடைக்கும், சாமைக்கு வாரச் சந்தையில் சொல்லி வைத்தால் யாராவது கொண்டுவந்து தருவார்கள். ராகியில் சுண்ணாம்புச் சத்து அதிகம், 100 கிராமுக்கு 340 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது, மற்ற தானியம் எதுவும் கிட்டவே வராது. எண்ணெய் விதையையே தின்று வளரும் ஜெர்பிலுக்குக் குறைவது இந்தச் சத்துதான், அதனால் ராகியை விடாதீர்கள். ஒரே தொல்லை, அது பொடி தானியம், கிண்ணத்து அடியில் தங்கிவிடும். கதிராகவே கிடைக்கும் காலத்தில் ராகிக் கதிர், கம்பங்கதிர், தினைக் கதிர் எதுவானாலும் முழுசாகத் தொட்டிக்குள் நட்டு வைத்துப் பாருங்கள், அது ஏறிப் பிடித்து இழுத்து மணி மணியாக உதிர்த்துத் தின்பதை அரை மணி நேரம் உட்கார்ந்து பார்க்கலாம்.

அடுத்து 200 கிராம் பெரிய தானியம். முழுக் கோதுமை 80, பார்லி 60, ஒன்றும் சேர்க்காத வெறும் ஓட்ஸ் 60. மக்காச்சோளம் நம் பக்கம் எங்கே பார்த்தாலும் கிடைக்கும், உடுமலையிலிருந்து பல்லடம் வரைக்கும் கோழிப் பண்ணைக்காகவே விளைகிறது, ஆனால் நான் சேர்ப்பதில்லை. ஈரம் பட்டு வைத்த மக்காச்சோளத்திலும் கடலைக்காயிலும் பிடிக்கிற பூஞ்சணம் ஈரலைக் கெடுக்கிற நஞ்சை உண்டாக்கும். இவ்வளவு சின்ன உடம்பு அதைத் தாங்காது.

150 கிராம் பயறு. கொள்ளு 50, பச்சைப் பயறு 50, பொட்டுக்கடலை 50. இந்த இடத்தில் சோம்பல் படாதீர்கள். பச்சையாகக் கொள்ளையும் பயறையும் போடவே கூடாது, வேகாத பயறில் செரிமானத்தைத் தடுக்கிற பொருள்கள் இருக்கின்றன. ராத்திரி ஊற வைத்து, காலையில் உப்புப் போடாமல் வேக வைத்து, மலர்ந்து குழையும் முன்னாலேயே இறக்கி, தண்ணீரை நன்றாக வடித்து, மொட்டை மாடியில் வேட்டித் துணி விரித்து இரண்டு நாள் காய வைக்க வேண்டும். வத்தல் காய்கிற மாதிரி காய வேண்டும், கையில் அள்ளிக் குலுக்கினால் கலகலவென்று சத்தம் வர வேண்டும், உள்ளே துளி ஈரம் இருந்தாலும் மொத்த டப்பாவும் பூத்துவிடும். வடித்த கொள்ளுத் தண்ணியை வீணாக்காமல் எங்கள் வீட்டில் ரசம் வைத்துவிடுகிறோம். பொட்டுக்கடலை ஏற்கெனவே வறுத்தது என்பதால் அதற்கு இந்த வேலை இல்லை, உப்புப் போடாததாகப் பார்த்து வாங்கினால் போதும்.

70 கிராம் காய்ந்த இலை, பூ, காய். முருங்கைக் கீரையை நிழலில் உலர்த்தி உருவிக்கொள்ளலாம், மூலனூர் பக்கம் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம், மரத்துக்கு மரம் நிற்கிறது. அதோடு காய வைத்த செம்பருத்திப் பூ, மருந்தடிக்காத நாட்டு ரோஜா இதழ், மெல்லிசாகச் சீவிக் காய வைத்த கேரட். கேரட்டில் இனிப்பு இருக்கிறது, அதனால் நான் பத்துப் பதினைந்து கிராமோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கடைசியாகத்தான் எண்ணெய் விதை, வெறும் 80 கிராம். ஆளி விதை 30, பூசணி விதை 20, ஓட்டோடு சூரியகாந்தி 20, எள் 10. சூரியகாந்தி விதையில் உள்ளே இருக்கும் பருப்பில் பாதி எடை கொழுப்புதான், எள்ளும் அப்படியே. ஜெர்பிலின் உடம்பு கொழுப்பை நன்றாகக் கையாள்வதில்லை, அதிகம் தின்றால் ரத்தத்தில் கொழுப்பு ஏறிவிடும். நான் சொன்ன அளவில் கலந்து கணக்குப் போட்டால் மொத்தத்தில் தோராயமாக 14 சதவீதம் புரதமும் 7 சதவீதத்துக்குள் கொழுப்பும் வருகிறது. வீட்டில் வளரும் பெரிய ஜெர்பிலுக்கு அது போதுமானது. ஏதாவது தானியம் கிடைக்கவில்லை என்றால் அதே கூட்டத்தில் இன்னொன்றைப் போடுங்கள், சாமைக்கு வரகோ குதிரைவாலியோ, பார்லிக்குக் கொஞ்சம் நெல்லோ. எண்ணெய் விதையை மட்டும் வேறெதற்கும் ஈடாகக் கூட்டாதீர்கள்.

கலக்கும் முன்னால் எல்லாவற்றையும் முறத்தில் போட்டுப் புடைத்து, சல்லடையில் சலித்து, கல் மண் பார்த்து, ஒரு நாள் வெயிலில் காட்டுங்கள். ஆறிய பிறகு காற்றுப் புகாத பையில் கட்டி மூன்று நாள் ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் வண்டும் அந்துப்பூச்சி முட்டையும் செத்துவிடும். பையை வெளியே எடுத்தவுடன் பிரிக்காதீர்கள், அறைச் சூட்டுக்கு வந்த பிறகுதான் பிரிக்க வேண்டும், இல்லையென்றால் வேர்த்து ஈரமாகிவிடும். அப்புறம் எவர்சில்வர் டப்பா, மேலே கலந்த தேதி. ஐப்பசி, கார்த்திகை மழையில் வாரம் ஒரு தடவை டப்பாவைத் திறந்து மோந்து பாருங்கள். புழுங்கின வாடையோ காறலோ வந்தால் மொத்தமாகக் கொட்டிவிடுங்கள், பொறுக்கி எடுத்து மிச்சம் பிடிக்க வேண்டாம்.

எதையெல்லாம் தொடக் கூடாது என்பது நம் பக்கத்துக்காரர்களுக்கு ரொம்ப முக்கியம், ஏனென்றால் வீட்டிலேயே தோட்டம், மாடு, கோழி என்று இருக்கும், கைக்குக் கிடைத்ததைப் போட்டுவிடுவோம். விதைக் கடையில் வாங்கிய விதைப்புச் சோளம், மக்காச்சோளம் எதையும் போடாதீர்கள், ரோஸ் கலரில் இருப்பது பூஞ்சணக் கொல்லி பூசியது, கலர் இல்லாவிட்டாலும் மருந்து இருக்கலாம். பண்ணைக் கோழித் தீவனத்தில் ரத்தக் கழிச்சலுக்கான மருந்து கலந்திருப்பது சகஜம், அதுவும் வேண்டாம். பருத்திக்கொட்டையை மாடு தின்கிறதே என்று நினைக்கலாம், மாட்டின் வயிறு அதில் உள்ள நஞ்சை அடக்கிவிடும், எலி வகைக்கு அந்த வயிறு கிடையாது. கொட்டமுத்து, அதாவது ஆமணக்கு விதை, ஒன்று உள்ளே போனாலே உயிருக்கு ஆபத்து. பச்சைக் குச்சிக்கிழங்கிலும் (மரவள்ளி) இளம் சோளப் பயிரிலும் சயனைடு உண்டு, இளம் சோளத்தை மேய்ந்து மாடு விழுந்ததை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். முற்றிக் காய்ந்த சோளத்தட்டில் அந்தப் பயம் இல்லை, நறுக்கிப் போட்டால் கடிக்க நல்லது. வெங்காயம், பூண்டு, எலுமிச்சை, ஆரஞ்சு, சாக்லேட், பச்சை உருளைக்கிழங்கு, முறுக்கு, மிக்சர் எதுவும் கூடாது. தேனில் ஒட்டிய விதைக் குச்சியும் வேண்டாம்.

உறவுக்காரர்கள் பாசத்தில் கொடுப்பதைத் தடுப்பதுதான் பெரிய வேலை. என் மகளின் அப்புச்சி வரும்போதெல்லாம் வேட்டி மடிப்பில் கடலக்காய் வரும். "ஒண்ணே ஒண்ணு அம்மிணி, ஒரு கடலக்காய்ல என்ன ஆயிரப் போகுது?" என்பார். அவள் தராசைக் கொண்டுவந்து வைத்துக் காட்டினாள். இரண்டு பருப்பு சேர்ந்து 1 கிராம், ஜெர்பில் 80 கிராம். 60 கிலோ இருக்கிற ஆள் ஒரே மூச்சில் முக்கால் கிலோ கடலை தின்பதற்குச் சமம். "அப்பிடிங்களா சாமி" என்று அன்றிலிருந்து பாதிப் பருப்பாகக் கிள்ளிக் கொடுக்கிறார், அதுவும் வாரம் இரண்டு தடவைதான். அந்தப் பாதிப் பருப்பைக் கையில் வைத்துக் கொடுத்தால் ஜெர்பில் பழகும், கிண்ணத்தில் போட்டால் பழகாது.

கொடுக்கிற முறையும் கலவை அளவுக்கு முக்கியம். ஒரு ஜெர்பிலுக்கு ஒரு மேசைக்கரண்டி, ஒரு நாளைக்கு ஒரே தடவை, சாயங்காலம். பாதியைக் கிண்ணத்திலும் பாதியைத் தொட்டி மண்ணில் தூவியும் விடுகிறேன், தேடித் தோண்டித் தின்பது அதற்கு இயல்பு. பிடிக்காத சாமையும் சோளமும் தீர்ந்த பிறகுதான் அடுத்த அளவு. ஆனால் கிண்ணம் காலி என்பதை நம்பாதீர்கள், வளைக்குள் கொண்டுபோய்ப் பதுக்கியிருக்கும். வாரம் ஒருமுறை தராசில் ஒரு டப்பாவை வைத்து அதற்குள் ஜெர்பிலை விட்டு எடை எழுதிக்கொள்ளுங்கள், ஏறுகிறதா இறங்குகிறதா என்பது இரண்டே வாரத்தில் தெரிந்துவிடும். பழைய தீவனத்திலிருந்து மாற்றும்போது ஒரே நாளில் மாற்றாமல், கால் பங்கு, பாதி, முக்கால் என்று பத்து நாளில் மாற்றுங்கள்.

இந்தக் கலவைக்கு வெளியே மூன்று விஷயம் வேண்டும். ஒன்று, வாரம் ஒரு தடவை பட்டாணி அளவு வேக வைத்த முட்டை அல்லது இரண்டு மூன்று காய்ந்த புழு. மழைக்குப் பறக்கிற ஈசலைப் பிடித்துப் போடலாமா என்று கேட்பார்கள், மருந்தடிக்கிற தோட்டத்துப் பக்கம் பிடித்ததாக இருக்குமோ என்ற பயத்தில் நான் போடுவதில்லை. இரண்டாவது, வாரம் இரண்டு நாள் விரல் நகம் அளவு கேரட்டோ வெள்ளரியோ, இரண்டு கொத்தமல்லித் தழையோ, ராத்திரிக்குள் தின்னாததை எடுத்துவிட வேண்டும். பச்சைக் காய் அதிகமானால் வயிற்றால் போகும். மூன்றாவது, காய்ந்த கொழுக்கட்டைப் புல், கொறங்காடு வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் ஒரு கை தருவார்கள். சுணை இருக்கிற கதிரைக் கிள்ளிவிட்டுத் தண்டையும் இலையையும் மட்டும் போடுங்கள், சுணை கண்ணில் படும். கூடு கட்டவும் ஆகும், கடிக்கவும் ஆகும். முன்பல் சாகும்வரை வளரும் என்பதால் கடிக்க ஏதாவது இருந்தே ஆக வேண்டும், கணவாய் ஓடு ஒன்று வைத்தால் சுண்ணாம்புச் சத்துக்கும் ஆச்சு. வறண்ட நாட்டுப் பிராணிதானே என்று தண்ணீரை விட்டுவிடாதீர்கள், நம் சித்திரை வெயிலில் பாட்டில் காலியாக இருக்கவே கூடாது.

குட்டி போட்டிருக்கும் தாய்க்கு முட்டையையும் புழுவையும் ஒன்று விட்டு ஒரு நாள் கொடுங்கள், குட்டி தானாகத் தின்ன ஆரம்பிக்கும் மூன்றாவது வாரத்தில் தினையும் ஓட்ஸும் மண்ணில் கொஞ்சம் கூடத் தூவுங்கள். வயசான ஜெர்பில், அதாவது மூன்று வருசம் தாண்டியது, சோளத்தையும் கோதுமையையும் தின்னாமல் விட்டுவிடுகிறதென்றால் இதே கலவையை மிக்சியில் இரண்டு சுற்று விட்டு உடைத்துக் கொடுங்கள். அப்படியும் தின்னாமல் எச்சில் ஒழுகினாலோ எடை இறங்கினாலோ பல் கோணலாக வளர்ந்திருக்கலாம், சிறு பிராணிகளைப் பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் அன்றைக்கே கொண்டுபோக வேண்டும்.