கொரில்லாவுக்கு வாழிடம் அமைப்பது எப்படி: காட்டின் தோற்றமும் கூண்டின் பயன்பாடும்

உயிரியல் பூங்காவில் கொரில்லாக்களுக்கு வாழிடம் அமைக்க முற்படுவோர் முன் இரண்டு மரபுகள் உள்ளன. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் வுட்லேண்ட் பார்க் பூங்கா 1979-இல் திறந்த அடைப்பு முதல் மரபின் முன்னோடி. டேவிட் ஹான்காக்ஸ் அப்பூங்காவின் இயக்குநராக இருந்த காலத்தில், ஜோன்ஸ் அண்ட் ஜோன்ஸ் என்ற நிலவடிவமைப்பு நிறுவனத்தார், கம்பியும் கான்கிரீட் தரையும் கண்ணில் படாதவாறு, பார்ப்பவரும் கொரில்லாவும் ஒரே காட்டுக்குள் நிற்பது போன்ற இடத்தை அங்கே உருவாக்கினர். இரண்டாவது மரபு இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் ஜான் ஆஸ்பினால் நிறுவிய ஹவ்லெட்ஸ் பூங்காவுடையது. அங்கே நான்கு பக்கமும் மேற்புறமும் இரும்புக் கம்பியால் மூடிய மிகப் பெரிய கூண்டுகளில், தரை முழுவதும் ஆழமாக வைக்கோல் பரப்பி, கயிறுகளும் மேடைகளும் நிறைத்து, கூரைக் கம்பிவலையின் மேல் உணவைத் தூவிவிடுகின்றனர். கொரில்லாக்கள் ஏறிச் சென்று ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்கின்றன. பார்வைக்குச் சிறைபோலத் தோன்றும் அந்த முறையில்தான் ஹவ்லெட்ஸும் அதன் துணைப் பூங்காவான போர்ட் லிம்னும் நூற்றுக்கும் மேற்பட்ட கொரில்லாக் குட்டிகளைக் கண்டுள்ளன.

இவற்றில் எது சரி என்று வாதிடுவோர் பெரும்பாலும் பார்வையாளர் நிற்கும் இடத்திலிருந்தே பேசுகின்றனர். பசுமை தெரிந்தால் நல்ல இடம், கம்பி தெரிந்தால் கெட்ட இடம் என்பது மனிதக் கண் சொல்லும் தீர்ப்பு. வடிவமைப்பாளர் வரைபடத்தில் இடம்பெறும் ஒவ்வொரு பொருளையும் குறித்து, இதைக் கொண்டு கொரில்லா என்ன செய்யும் என்று கேட்க வேண்டும். விடை எழுத முடியாத பொருளை அழகுக்காக மட்டும் கொரில்லாவின் பக்கத்தில் வைக்கக் கூடாது. பயன்பாட்டை முதலில் முடித்துவிட்டு இயற்கைத் தோற்றத்தை அதன்மேல் கொண்டுவர முடியும். வரிசையை மாற்றினால் பின்னர் திருத்துவதற்கு இடமும் இருக்காது, பணமும் இருக்காது.

ஆகவே, வரையத் தொடங்கும் முன் கொரில்லாவின் 24 மணி நேரத்தை எழுதிக்கொள்ளுங்கள். பூங்காக்களில் இருப்பவை ஏறத்தாழ அனைத்தும் மேற்குத் தாழ்நிலக் கொரில்லாக்கள். கேமரூன், காபோன், காங்கோ காடுகளில் அவை பகலின் பெரும்பகுதியை உணவு தேடுவதிலும், இலை, தண்டு, பட்டை, பழம் ஆகியவற்றைத் தின்பதிலும் கழிக்கின்றன. கனிந்த மரம் கிடைத்தால் 150 கிலோவைத் தாண்டிய ஆண்கூட மேலே ஏறும். நண்பகலில் கூட்டமாகப் படுத்து ஓய்வெடுக்கும். மாலையில் வளர்ந்த கொரில்லா ஒவ்வொன்றும் தழைகளை வளைத்துத் தனக்கென ஒரு படுக்கை அமைக்கும். இந்தச் செயல்கள் ஒவ்வொன்றும் நடப்பதற்கு அடைப்பில் ஓர் இடமும், ஒரு பொருளும், போதிய நேரமும் வேண்டும்.

இவற்றுள் உணவுக்கே அதிக இடம் ஒதுக்கப் பரிந்துரைப்பேன். கிளீவ்லேண்ட் பூங்காவில் இரண்டு ஆண் கொரில்லாக்களுக்குத் தொழிற்சாலையில் தயாரான உணவுக்கட்டிகளை நிறுத்திவிட்டு, கீரையும் இலைகளும் காய்களும் நிறையக் கொடுத்தபோது, அவை தின்பதில் செலவிடும் நேரம் ஏறத்தாழ இரு மடங்காகியது. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 30 கிலோ எடை குறைந்தது. விழுங்கியதைக் கக்கி மீண்டும் தின்னும் பழக்கமும் நின்றது. பூங்காக்களில் வளர்ந்த ஆண் கொரில்லாக்களின் உயிரைப் பறிக்கும் காரணங்களில் இதயநோயே முதன்மையானது என்பதை நினைத்தால், உணவுமுறை வடிவமைப்பின் அடித்தளமாகவே இருக்க வேண்டும் என்பது விளங்கும். அதன்படி, தழைக்கட்டுகளைச் சேமிக்கக் குளிரறை, பல இடங்களிலிருந்து உணவை உள்ளே இடும் துளைகள், காப்பாளர் நடந்து சென்று தூவக்கூடிய கூரைவலை ஆகியவை முதல் வரைபடத்திலேயே இடம்பெற வேண்டும். ஹவ்லெட்ஸின் கூரையிலிருந்து எந்த இயற்கைத் தோற்ற அடைப்பும் கற்றுக்கொள்ளத் தக்க பாடம் இது.

அடுத்து, உட்பகுதியை முதலில் வடிவமையுங்கள். பெரும்பாலான பூங்காக்களில் மாலை முதல் காலை வரையிலும், குளிர்நாடுகளில் குளிர்காலத்தின் பெரும்பகுதியிலும் கொரில்லா கட்டடத்துக்குள்ளேயே இருக்கிறது. ஆயினும் பார்வையாளர் காணாத அந்த இடத்துக்குத்தான் பணம் கடைசியாக வந்து சேருகிறது. வெளியே நீர்வீழ்ச்சியும் உள்ளே வெறும் சிமென்ட் அறையும் கொண்ட அடைப்பை நான் இயற்கையானது என்று ஏற்க மாட்டேன். உள்ளே நன்கு வடியும் அடித்தளத்தின்மேல் மரச்சீவலோ மரப்பட்டைத் துகளோ ஆழமாகப் பரப்பினால், அதில் தூவிய விதைகளை கொரில்லா நெடுநேரம் கிளறித் தேடும். மூட்டுகளுக்கு மென்மையும் கிடைக்கும். படுக்கைக்கு வைக்கோல் நாள்தோறும் வேண்டும். உறங்கும் மேடைகள் கூட்டத்தில் உள்ள தலைகளைவிட எண்ணிக்கையில் கூடுதலாகவும், வெவ்வேறு உயரங்களிலும் இருக்க வேண்டும். வெளியே செல்லும் வழியில் எடைமேடையும், நெஞ்சைக் கம்பிவலையோடு ஒட்டி வைத்து, மயக்கமருந்து இல்லாமலே இதய ஸ்கேன் எடுத்துக்கொள்ளப் பழக்கும் பலகமும் பொருத்துங்கள். இவற்றைப் பின்னால் சேர்ப்பது மிகக் கடினம்.

கூட்டத்தின் உறவுகளையும் சுவர்களே பெருமளவு தீர்மானிக்கின்றன. எந்த அறைக்கும் குறைந்தது இரண்டு கதவுகள் இருக்க வேண்டும். ஒரே வாசல் உள்ள அறையில் இளைய ஆணோ புதிய பெண்ணோ மாட்டிக்கொண்டால் தப்ப வழியில்லை. பாறை, மண்மேடு, விழுந்த மரம் ஆகியவற்றை ஒன்றின் பார்வையிலிருந்து மற்றொன்று விலகி உட்காரும்படி அமைக்க வேண்டும். நேருக்கு நேர் முறைத்துப் பார்ப்பது கொரில்லாவுக்கு மிரட்டல். எனவே பார்வையாளரை மேலே நிறுத்திக் குழிக்குள் பார்க்கவைக்கும் பழைய முறையை அறவே விட்டுவிட்டு, கொரில்லா சம உயரத்திலோ சற்று மேலேயோ இருக்கும்படியும், ஒரே பக்கத்திலிருந்து மட்டும் காணும்படியும் செய்யுங்கள். சியாட்டில் மரபு நமக்குத் தந்த பெருங்கொடை இந்த உயர விதிதான் என்பது என் மதிப்பீடு. மேலும், ஆணும் பெண்ணும் ஏறத்தாழச் சம எண்ணிக்கையில் பிறக்க, ஒரு கூட்டத்தில் பெரும்பாலும் ஒரே வெள்ளிமுதுகு ஆணுக்குத்தான் (முதுகு மயிர் வெளுத்த முதிர்ந்த ஆண்) இடம் இருப்பதால், மிஞ்சும் ஆண்களுக்கான தனிக்கூட்டத்தையும் தாங்குமாறு அறைகளைப் பிரித்துச் சேர்க்கும் வசதி வேண்டும். 2021-இல் ஜெர்மனியிலிருந்து மைசூரு உயிரியல் பூங்காவுக்கு வந்த இரு கொரில்லாக்களும் ஆண்கள்தாம்.

வெளிப்புறம் எதற்கு என்று கேட்போருக்கு அமெரிக்காவின் அட்லாண்டா பூங்காவில் வாழ்ந்த வில்லி பி. என்ற கொரில்லா போதுமான விடை. டயர் ஊஞ்சலும் தொலைக்காட்சிப் பெட்டியும் துணையாக 27 ஆண்டுகள் கட்டடத்துக்குள் தனித்து வாழ்ந்த அந்த ஆண், 1988-இல் முதன்முறையாகப் புல்வெளிக்கு வந்தது. மற்ற கொரில்லாக்களோடு பழகியது. 1994-இல் தந்தையும் ஆயிற்று. மண், மழை, காற்று, வெயில், பூச்சி ஆகியவற்றுக்கு எந்தக் கருவியும் ஈடாகாது. ஆனால் பரந்த புல்வெளியைக் கொடுத்துவிட்டால் கொரில்லா அதன் நடுவில் உலாவும் என்று எதிர்பார்க்காதீர்கள். சிகாகோவின் லிங்கன் பார்க் பூங்காவில் அவை எங்கே அமர்கின்றன என்று தொடர்ந்து பதிவு செய்தபோது, மூலைகளையும் கதவருகையும் அவை விரும்பி நாடுவது தெரிந்தது. அதனால் நிழலும் தாங்குசுவரும் உள்ள ஓரங்களைப் பெருக்குங்கள். கட்டடக் கதவைப் பகலில் திறந்தே வைத்து, உள்ளே போவதா வெளியே இருப்பதா என்ற முடிவைக் கொரில்லாவிடமே விடுங்கள்.

செடிகளைப் பொறுத்தவரை இரண்டு வகையாகப் பிரித்து நடுவது நல்லது. கைக்கு எட்டுபவை தின்னவும் ஒடிக்கவும் உரியவை; அவை அழியும் என்று கணக்கிட்டு, நச்சுத் தன்மை இல்லாதவற்றைத் தேர்ந்து, கொரில்லாக்கள் வருவதற்கு ஒரு பருவமாவது முன்னரே வேரூன்றச் செய்ய வேண்டும். பெரிய மரங்களின் அடியை மின்கம்பியால் காக்கலாம். ஆனால் ஒவ்வொரு மரத்தையும் அவ்வாறு காத்தால், கொரில்லாவுக்கு அது தொடமுடியாத காடாகிவிடும். ஏறுவதற்குக் கட்டை மரங்களும் தீயணைப்புக் குழாய்களைப் பின்னிய தொட்டில்களும் கண்ணுக்கு அழகில்லாவிட்டாலும் வேண்டும். அடர்ந்த பசுமையை வேலிக்கு வெளியே நட்டால், பார்வையாளர் விரும்பும் காட்டுத் தோற்றம் கொரில்லாவின் இடத்தைக் குறைக்காமலே கிடைத்துவிடும்.

தடுப்புகளில் அவசரம் கூடாது. அகழி மறைவாக இருக்கும். ஆனால் நிலத்தை விழுங்கும், குழந்தை விழும் ஆபத்தும் உண்டு. 2016 மே 28 அன்று அமெரிக்காவின் சின்சினாட்டி பூங்காவில் மூன்று வயதுச் சிறுவன் தடுப்பைத் தாண்டி விழுந்ததில் ஹராம்பே என்ற 17 வயது ஆண் கொரில்லா சுடப்பட்டு இறந்தது. அதன் பின்னரே அங்கே தடுப்பு உயர்த்தப்பட்டு வலையும் கட்டப்பட்டது. கொரில்லா நீரைக் கடக்காது என்ற நம்பிக்கையும் போதாது: 2007-இல் நெதர்லாந்தின் ரோட்டர்டாம் பூங்காவில் பொகிட்டோ என்ற ஆண் கொரில்லா நீர் அகழியைத் தாண்டி வந்து ஒரு பெண்ணைக் கடுமையாகக் காயப்படுத்தியது. ஆழமான நீரில் கொரில்லாக்கள் மூழ்கியும் இறந்துள்ளன. பார்வையிடங்களில் கண்ணாடி பாதுகாப்பானது. மனிதரின் சளி, காய்ச்சல் பரவுவதையும் அது குறைக்கும். 2021 ஜனவரியில் சான் டியாகோ சஃபாரி பூங்காவின் கொரில்லாக்களுக்குக் கொரோனா தொற்றியதை நினைவில் வைத்து, உள்ளறைகளின் காற்றோட்டத்தைப் பார்வையாளர் கூடத்திலிருந்து பிரித்துவிடுங்கள். மற்ற எல்லாப் பக்கங்களுக்கும், நிதி நெருக்கடி உள்ள பூங்காவுக்கு, கூரையுடன் கூடிய உறுதியான கம்பிவலையையே நான் பரிந்துரைப்பேன். அகழியில் வீணாகும் நிலம் மிஞ்சும். சுவரும் கூரையும் ஏறுதளமாகி, அடைப்பின் உயரம் முழுவதும் பயன்படும்.

திறப்பு விழாவுக்குப் பின் வேலை தொடர வேண்டும் என்பதால், கான்கிரீட் இடும்போதே தரையிலும் சுவரிலும் இரும்புக் கொளுவிகளைப் பல இடங்களில் பதித்துவிடுங்கள். பின்னர் கான்கிரீட்டை உடைக்காமலே கயிற்றையும் மேடையையும் இடம் மாற்றலாம். முதல் ஆண்டு முழுவதும், ஒவ்வொரு கொரில்லாவும் எங்கே இருக்கிறது, என்ன செய்கிறது என்பதைக் காப்பாளர்கள் குறித்த நேர இடைவெளியில் அடைப்பின் வரைபடத்தில் குறித்து வரட்டும். எவரும் தொடாத மூலை தெரிந்தால் உணவுத் துளையையோ நிழலையோ அங்கே நகர்த்துங்கள். அதற்கான தொகையை முதல் மதிப்பீட்டிலேயே தனியாக எழுதி ஒப்புதல் பெற்றுவிடுங்கள்.