களிமண்ணில் ஓர் அனோமலோகாரிஸ்: கைகளிலிருந்து தொடங்குங்கள்

கேம்பிரியன் கடலில் வாழ்ந்த உயிர்களை எத்தனை படத்தில் பார்த்தாலும், ஒருமுறை கையால் செய்து பார்க்கும்போதுதான் எந்த உறுப்பு எங்கே இருந்தது என்று மனதில் நிற்கும். இன்று செய்யப்போவது அனோமலோகாரிஸ். கனடாவின் பர்ஜெஸ் ஷேலில், ஏறத்தாழ 50.8 கோடி ஆண்டு பழமையான பாறைகளில் கிடைக்கும் வேட்டையாடி இது. இறால், நண்டு, பூச்சி எல்லாம் சேர்ந்த கணுக்காலிகளின் குலமரத்தில், அடிப்பக்கமாகவே பிரிந்துபோன ஒரு கிளை.

மாடலிங் களிமண், மெல்லிய கம்பி, பல்குச்சி, ஊசி, நூல் எடுத்து வையுங்கள்.

முதலில் கைகள். எல்லோரும் உடலைத்தான் முதலில் உருட்டுவார்கள், வேண்டாம். விரல் நீளக் கம்பியில் 14 சின்ன உருண்டைகளை மணி கோப்பதுபோலக் கோத்து, நுனி நோக்கிச் சிறுத்துக்கொண்டே போங்கள். இவைதான் கணுக்கள். அடிப்பக்கம் பல்குச்சித் துண்டுகளை முள்ளாகக் குத்துங்கள், ஒரு கணுவில் நீளம் என்றால் அடுத்ததில் குட்டை. பிறகு கீழ்நோக்கி வளைத்து, தனியாகத் தூக்கிப் பாருங்கள்: தலையில்லாத இறால்! 1892-இல் ஜோசப் வைட்டீவ்ஸுக்குக் கிடைத்ததும் இந்தக் கை மட்டும்தான். இறால் மாதிரி ஒரு விலங்கின் உடல் என்றே நினைத்து, 'விநோத இறால்' என்ற பொருளில் இந்தப் பெயரை வைத்தார். இன்னொரு கையும் செய்துவிடுங்கள்.

அடுத்து வாய். வட்டத் தட்டு, நடுவில் துளை, சுற்றிலும் பெரிய தகடுகள் மூன்று, இடையிடையே சின்னத் தகடுகள். பழைய ஓவியங்களில் பெரிய தகடு நான்கு இருக்கும், அதைப் பார்த்துச் செய்யாதீர்கள், அது இதன் உறவான பெய்டோயியாவின் வாய். அந்த வாயைத்தான் சார்லஸ் வால்காட் 1911-இல் ஜெல்லி மீன் என்று விவரித்தார். கையும் வாயும் ஒரே வகை விலங்கின் உறுப்புகள் என்று விட்டிங்டனும் பிரிக்ஸும் 1985-இல் காட்டும்வரை இறால் தனி, ஜெல்லி மீன் தனி என்றே இருந்தது. இவ்வளவு பொறுமையாகச் சேர்த்த உருவம் என்பதால்தான் துண்டு துண்டாகச் செய்யச் சொல்கிறேன்.

சரி, இப்போது உடல். ஒரு சாண் நீளம், தட்டையாக. இரு பக்கமும் 13 ஜோடி துடுப்பு மடல்கள், நடுவில் அகலமாக, வால் பக்கம் குறுகலாக. முதுகில் ஊசியால் நெருக்கமாகக் கீறினால் செவுள் வரிசை ஆகிவிடும். வாலில் மூன்று ஜோடி விசிறி மடல்கள். கைகளைத் தலையின் முன்பக்கமும், வாயை அவற்றுக்குப் பின்னால் அடிப்பக்கமும் ஒட்டுங்கள்.

கடைசியாக, காம்பின்மேல் கண்கள். ஆஸ்திரேலியாவின் கங்காரு தீவில் கிடைத்த இன்னொரு இனத்தின் ஒரே கண்ணில் 16,000-க்கும் மேற்பட்ட வில்லைகள் இருந்திருக்கின்றன, அதனால் ஊசிமுனையால் புள்ளி வைக்கும்போது அவசரப்படாதீர்கள்.

காய்ந்தபின் மேசையில் நிறுத்த வேண்டாம். இதற்கு நடக்கும் கால்கள் கிடையாது, நீந்திய விலங்கு. நூல் கட்டித் தொங்கவிட்டால் வாயும் கீழிருந்து நன்றாகத் தெரியும்.