துருவ ஒளி பார்க்க ட்ரோம்சோ போகிறீர்களா? முதலில் இரவுகளை எண்ணுங்கள்

நார்வே வரை போய்விட்டு, இரவு வானில் ஆடும் பச்சை வெளிச்சமான துருவ ஒளியை (அரோரா) பார்க்காமலே திரும்ப நேர்ந்தால், பெரும்பாலும் காரணம் மேகம்தான். அந்த ஒளி தோன்றுவது தரையிலிருந்து சுமார் 100 கிலோமீட்டருக்கு மேலே. மழைமேகமும் பனிமேகமும் 10 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். மேலே வானமே பச்சையாகப் பற்றி எரிந்தாலும், கீழே மூடாக்குப் போட்டிருந்தால் ஒன்றும் தெரியாது. அதனால் விமான டிக்கெட்டைத் தேடுவதற்கு முன்பே ட்ரோம்சோவில் எத்தனை இரவு தங்குவது என்று முடிவு செய்யுங்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று இரவில் ஒன்றுதான் வானம் திறக்கும் என்று வைத்துக்கொண்டால், 3 இரவு தங்குபவருக்குப் பார்க்கும் வாய்ப்பு 70 சதவீதம். 5 இரவு தங்குபவருக்கு 87. உண்மையில் மேகம் வந்தால் இரண்டு மூன்று நாள் சேர்ந்தாற்போல உட்கார்ந்துவிடும், ஆகவே 3 இரவு என்பது இந்தக் கணக்கு காட்டுவதைவிடவும் பலவீனமானது. குறைந்தது 5 இரவு வையுங்கள். பாரிஸையும் ஸ்டாக்ஹோமையும் சேர்ப்பதற்காக இங்கே இரவைக் குறைக்காதீர்கள். அந்த ஊர்களை இன்னொரு முறை பார்த்துக்கொள்ளலாம்.

துருவ ஒளிச் செயலிகள் காட்டும் கேபி எண்ணை (பூமியின் காந்தப்புலம் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்பதை 0 முதல் 9 வரை சொல்லும் அளவு) பார்த்துப் பதற வேண்டாம். ட்ரோம்சோ 69 டிகிரி வடக்கில், துருவத்தைச் சுற்றி இந்த ஒளி தோன்றும் வளையத்தின் பாதையிலேயே இருக்கிறது. அங்கே கேபி 1, 2 இருந்தாலே போதும். 5 வரவேண்டும் என்று காத்திருப்பது வெகு தெற்கே இருப்பவர்களின் கவலை. நீங்கள் மணிக்கொரு தரம் பார்க்க வேண்டியது நார்வே வானிலை மையத்தின் 'ஒய்ஆர்' செயலியில் வரும் மேகக் கணிப்பைத்தான்.

மாதம்: செப்டம்பர் கடைசியிலிருந்து மார்ச் கடைசி வரை. மே பிற்பகுதியிலிருந்து ஜூலை பிற்பகுதி வரை அங்கே சூரியன் மறைவதே இல்லை. நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை உதிப்பதே இல்லை, நண்பகலில் சில மணி நேரம் நீல வெளிச்சம் மட்டும். முதல் முறை போகிறவர்களுக்கு மார்ச்சைத்தான் சொல்வோம். பனியும் இருக்கும், பகலும் இருக்கும், சம இரவு நாளை ஒட்டிய வாரங்களில் ஒளியின் ஆட்டமும் சற்றுக் கூடும். தினசரிக் காலண்டரில் அமாவாசையைப் பார்த்து அதையொட்டி நாள் குறித்தால் மங்கலான ஒளியும் கண்ணுக்குத் தெரியும். பௌர்ணமி என்றாலும் பயணத்தைத் தள்ளிப்போடத் தேவையில்லை. பலமான ஒளி நிலவையும் மீறித் தெரியும்.

விசா ஷெங்கன் விசா, அதாவது ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா. பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். 15 நாளுக்கு முன்பாவது கொடுத்திருக்க வேண்டும். கடைசி நாள்வரை இழுக்காதீர்கள், முடிவு வர 45 நாள் வரை ஆகலாம். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். ஷெங்கனை விட்டு வெளியேறும் நாளுக்குப் பிறகும் பாஸ்போர்ட் 3 மாதம் செல்லுபடியாக வேண்டும், 2 பக்கமாவது காலியாக இருக்க வேண்டும். விண்ணப்பிக்கும் வாரத்தில் கணக்கில் மொத்தமாகப் பணம் போட்டால் சந்தேகம்தான் வரும். மாதாமாதம் சம்பளம் வந்து சேர்ந்த கணக்கே நல்லது. ரத்து செய்யக்கூடிய அறையை முதலில் பதிவு செய்யுங்கள், விசா வந்தபின் மற்றதை உறுதி செய்யுங்கள்.

ஓஸ்லோவில் இறங்கி உள்நாட்டு விமானம் ஏற குறைந்தது 3 மணி நேரம் விடுங்கள். நார்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. வழியில் பிராங்க்ஃபர்ட் போன்ற ஊரில் விமானம் மாறி, அங்கே குடியேற்றச் சோதனை முடிந்திருந்தாலும் சுங்கச் சோதனை ஓஸ்லோவில்தான். பெட்டியை அங்கே எடுத்து மறுபடி போட வேண்டியிருக்குமா என்று சென்னையிலேயே கவுன்டரில் கேட்டுவிடுங்கள். பெட்டிக்குள் நெய், பால்கோவா, கருவாட்டுக்குப் பக்கத்தில் உப்புக்கண்டம் என்று கட்டுகிறவர்கள் கவனிக்க: ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து இறைச்சியும் பால் பொருளும் கொண்டுபோகத் தடை உண்டு. பருப்புப்பொடிக்கு நல்லெண்ணெய் போதும். சமையலறை உள்ள அறையாக எடுத்தால் செலவு நன்றாகக் குறையும். வெளியே சாப்பாடு விலை அதிகம்.

உடையில்தான் பலரும் தவறு செய்கிறார்கள். நம் வெயிலுக்கு இதமான பருத்தி பனியன் அங்கே கெடுதல். மேட்டில் ஏறும்போது வரும் வியர்வையை அது உறிஞ்சி ஈரமாகவே வைத்திருக்கும். பிறகு அசையாமல் நிற்கும்போது அந்த ஈரமே உடம்புச் சூட்டை இழுத்துவிடும். உடம்பை ஒட்டி மெரினோ கம்பளி, அதன்மேல் ஃப்ளீஸ் (மெத்தென்ற செயற்கை இழைத் துணி) அல்லது ஸ்வெட்டர், வெளியே காற்றுப் புகாத ஜாக்கெட். பூட்ஸ் ஒரு அளவு பெரிதாக இருக்கட்டும். இறுக்கமான பூட்ஸுக்குள் மூன்று காலுறை திணித்தால் ரத்த ஓட்டம் குறைந்து விரல்தான் முதலில் மரத்துப்போகும். ஊருக்குள் நடக்க, ஷூவின் அடியில் மாட்டும் ஆணிப்பட்டை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கண்ணாடிபோல் உறைந்த நடைபாதையில் வழுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்மையானது.

பனிச்சாலையில் ஓட்டிப் பழகாதவர் வாடகைக் கார் எடுக்க வேண்டாம். சிறு வேனில் மேகமில்லாத இடத்தைத் தேடிக் கூட்டிப்போகும் வழிகாட்டிகள் இருக்கிறார்கள். ஆளுக்கு ஆயிரம் நார்வே குரோனருக்கு மேல் ஆகும், அது வீண் செலவு இல்லை. கடலோரம் மூடியிருக்கும் இரவில் லிங்கன் மலைகளுக்குப் பின்னால் உள்ள ஸ்கிபோட்ன் பள்ளத்தாக்கு திறந்திருக்கலாம், மலை ஈரத்தை மறித்துவிடுவதால். அங்கும் இல்லையென்றால் வேன் ஃபின்லாந்து எல்லையைத் தாண்டும்; பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். ட்ரோம்சோவில் மைனஸ் 4 என்றால் அங்கே மைனஸ் 20 கூட இருக்கும்.

ஒளி வந்ததும் பச்சையாகத் தெரியும் என்று எதிர்பார்க்காதீர்கள். தொடக்கத்தில் அடுப்புப் புகை போல, சாம்பல் நிறத்தில் ஒரு கோடு வடக்கே படுத்திருக்கும். மேகமா ஒளியா என்று தெரியாவிட்டால் செல்போனை இரவு முறையில் 3 விநாடி காட்டுங்கள். படத்தில் பச்சை விழுந்தால் அதுதான்.

கேமராவுக்கு ட்ரைபாட், லென்ஸ் திறப்பு எஃப் 2.8, ஒளியுணர்வு ஐஎஸ்ஓ 1600, ஷட்டர் 8 விநாடி என்று தொடங்குங்கள். ஒளி வேகமாக அலையும்போது 3 விநாடிக்குக் குறையுங்கள், இல்லாவிட்டால் ஒளியின் மடிப்புகள் கலங்கிவிடும். ஒரு நட்சத்திரத்தைப் பெரிதாக்கிப் பார்த்து கையாலேயே ஃபோகஸ் செய்யுங்கள். லென்ஸில் யூவி ஃபில்டர் இருந்தால் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் படத்தின் நடுவில் வட்ட வட்டமாகக் கோடு விழும். உபரி பேட்டரி சட்டையின் உள்பையில் இருக்கட்டும். அறைக்குத் திரும்பும் முன், வெளியில் நிற்கும்போதே மெமரி கார்டை எடுத்துக்கொண்டு, கேமராவைப் பாலித்தீன் பையில் போட்டுக் காற்றுப் புகாமல் கட்டிவிடுங்கள். இரண்டு மணி நேரம் பிரிக்காதீர்கள். ஈரம் பையின் மேல் படியும், லென்ஸுக்குள் போகாது.